சரிவில் இட்ட தடம்

ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்குச் செல்லும் புகைவண்டியில், 2023ஆம் ஆண்டு தை மாதத்துக் காலைப்பொழுது ஒன்றில் நாம் பிரயாணஞ் செய்தோம். ஹட்டன் நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நானுஓயாவோ 1,620 மீற்றர். இடைப்பட்ட இந்த 350 மீற்றரை ஏறுவதற்குப் புகைவண்டி படுகின்ற பாடு சிறிதன்று. செங்குத்தாக ஏறும் வல்லமை இரும்புச் சக்கரத்துக்கு இல்லையாதலால், மலையின் விலாப்புறத்தைத் தடவியவாறு வளைந்தும் நெளிந்தும், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிறேட் வெஸ்டேர்ன், ரதல்லை என நிலையத்துக்கு நிலையம் மூச்சு வாங்கிக்கொண்டு அது போயிற்று. 1885ஆம் ஆண்டில் இப்பாதை நானுஓயாவை எட்டியபோது, தோட்டத்து விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் தலையாய நோக்கம். சன்னலோரத்து இருக்கைக்காகப் பிற்காலத்தில் உல்லாசப் பிரயாணிகள் முட்டிமோதுவார்கள் என்று அதை அமைத்தவர்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

சன்னலுக்கு வெளியே நாம் கண்ட காட்சி வேறு. புகைவண்டி அஞ்சி ஒதுங்கிய அதே சரிவில், தேயிலைச் செடிகளுக்கு ஊடாகக் கிடந்த ஒற்றையடிப் பாதையில், பெண்கள் பதினைந்து இருபது பேர் நேரே மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தனர். தலையில் மாட்டிய கயிற்றிலிருந்து முதுகுப்புறமாகக் கூடை தொங்கியது. இடுப்பில் படங்கு கட்டியிருந்தார்கள். மலைநாட்டுத் தமிழில் தேயிலை நட்ட நிலத்துக்கு வயல் என்றோ தோட்டம் என்றோ பெயரில்லை. ‘மலை’ என்றே பெயர். ‘இன்றைக்கு எந்த மலையில் வேலை?’ என்று கேட்பார்கள். தொழிலே மலையேற்றந்தான் என்பதை அந்தச் சொல் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே கடினம் என்பதை, மலையில் நடந்து பழகாத எம்மைப்போன்ற சமவெளியார் ஒரு நாளிலேயே அறிந்துகொள்வர். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். இறங்கும்போது முழங்கால் நடுங்கும். முதுகிலே நிறைந்த கூடையுடன், மழையில் நனைந்த மண்ணில், கானைத் தாண்டி, கல்லைத் தாண்டி இறங்குகிறவள் உடலின் பாரத்தையும் கூடையின் பாரத்தையும் தொடைத் தசையில் தாங்கிப் பிடித்துக்கொண்டே கால் வைக்கவேண்டும். நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து கேட்கும் தோட்டங்கள் உண்டு. அந்தக் கணக்கை முடிக்க அவள் எத்தனை தடவை ஏறி இறங்குகிறாள் என்பதை எந்தப் புத்தகத்திலும் யாரும் பதிவதில்லை.

தலவாக்கலையில் இறங்கி, அயலிலுள்ள தோட்டமொன்றில் ஆசிரியராகப் பணிபுரியும் நண்பர் ஒருவரின் வீட்டில் அன்று தங்கினோம். அவரும் லயத்துக் காம்பராவில் பிறந்து, அந்தத் தோட்டத்துப் பாடசாலையிலேயே படித்து, அதற்கே ஆசிரியராக வந்தவர். வீட்டின் முன்னறைச் சுவரில், பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய படமொன்று எம் கண்ணில் பட்டது. ஓர் இளைஞர் இந்தியாவின் மூவர்ணக் கொடியை ஏந்தி நடந்து வருகிறார். 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் மாநகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாப் படம் அது. இளைஞரின் பெயர் முகம்மது ஆரிப் கான். காஷ்மீரத்தைச் சேர்ந்த பனிச்சறுக்கு ஓட்ட வீரர். அந்த ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து சென்ற விளையாட்டு வீரர் அவர் ஒருவரே.

“பந்தயத்தில் இவர் எத்தனையாவதாக வந்தார்?” என்று கேட்டோம்.

“நாற்பத்தைந்தாவது, ஐயா” என்றார் நண்பர், சிறிதும் கூச்சமின்றி. “முதலாவது வந்தவர் படத்தை எல்லாரும் ஒட்டுவாங்க. இவரு படத்த ஒட்டினதுக்குக் காரணம் வேற. மலையடிவாரத்துக் கடைக்காரர் மகன் இவரு. மலைக்கு வந்த துரைமார் விளையாடின விளையாட்டு. அதை அங்கேயே பிறந்த பிள்ளை எடுத்துக்கிட்டாரு. எங்க பிள்ளைகளுக்கு நான் சொல்றது அதைத்தான்.”

அவருடைய மாணவர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “சேர், நம்ம மலையில ஏன் அந்த மாதிரி பனி கொட்டுறதில்ல?” என்று கேட்டாராம். நல்ல கேள்வி, வாசகர்களில் சிலருக்கும் அது தோன்றியிருக்கும். மார்கழி, தை மாதங்களில் சில விடியற்காலைகளில் நுவரெலியாவின் புற்றரைகள் வெள்ளைவெளேரென்று கிடக்கும். அது வானத்திலிருந்து விழுந்த பனியன்று. தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை இழந்து குளிர, அதன்மேல் படிந்த ஈரம் உறைந்துபோன உறைபனி. வெயில் ஏறியதும் மறைந்துவிடும். ஆனால் மறையுமுன் இளங்கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போகும். தமிழில் புல்நுனித் துளியும் பனி, மலைமூடும் மூட்டமும் பனி, கொழுந்தைக் கருக்குவதும் பனி, இமயத்தில் ஆளுயரம் குவிவதும் பனி என்றிருப்பதால் மாணவர் மயங்கியதில் வியப்பில்லை. இலங்கை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகை அளவிலே கிடக்கிறது. இத்தகைய வெப்பவலயத்தில் ஏறக்குறைய 5,000 மீற்றர் உயரம் போனால்தான் வானத்து நீர் பனியாகவே தரையில் நிலைக்கும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமான பீதுருதாலகாலை 2,524 மீற்றர். ஆகவே பனிச்சறுக்கு எங்கள் மலைக்கு வருவதற்கில்லை. ஆயினும் அந்த விளையாட்டின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஓர் எதிர்பாராத பங்கு உண்டு. அதை அறிந்தவர் அரிது.

மலைச்சரிவில் வேகமாகச் சறுக்கி ஓடும் பந்தயத்துக்கு இன்றைய விதிகளை வகுத்தவர்களில் முதன்மையானவர் ஆர்னல்ட் லண் என்னும் ஆங்கிலேயர். அவர் பிறந்தது பனிமலையிலன்று. 1888ஆம் ஆண்டில், வெயில் கொளுத்தும் சித்திரை மாதத்துச் சென்னப்பட்டினத்தில்! அவருடைய தந்தை ஹென்றி லண் மெதடிஸ்த சபையின் ஊழியராக அங்கு வந்திருந்தவர். உடல் நலங் குன்றியமையால் அவ்வாண்டிலேயே தாயகம் திரும்பினார். பின்னாளில் அவர் பிரயாண ஏற்பாட்டு நிறுவனமொன்றை நடத்தி, ஆங்கிலேயச் செல்வர்களைக் குளிர்காலத்தில் சுவிற்சர்லாந்துக்கு அழைத்துச் செல்லலானார். அப்படித்தான் மகனுக்குப் பனிமலை அறிமுகமாயிற்று. மலையேறும்போது விழுந்து கால் முறிந்து, ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்ட பின்னரும் ஆர்னல்ட் லண் சறுக்குவதை விட்டாரில்லை.

1911இல் சுவிற்சர்லாந்தின் மொன்டானாவில் அவர் ஒழுங்குசெய்த கீழ்நோக்கு ஓட்டப் பந்தயத்தின் கிண்ணத்துக்கு ‘கந்தஹார் றொபேர்ட்ஸ்’ பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. ஆப்கானிஸ்தானத்துப் போரினால் கந்தஹார் என்னும் நகரப் பெயரைத் தம் பட்டத்துடன் சேர்த்துக்கொண்ட அந்தத் தளபதி, 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக விளங்கியவர். உதகமண்டலத்து மலைச்சாரலை நன்கறிந்தவர். சென்னையில் பிறந்தவர் நடத்திய பந்தயம், சென்னைப் படைத்தலைவரின் பெயருடைய கிண்ணம், ஆல்ப்ஸ் மலையின் பனி — சரித்திரம் சில வேளைகளில் கதாசிரியரைத் தோற்கடித்துவிடுகிறது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற பனிச்சறுக்குப் பந்தயங்கள் சிலவற்றுக்கு இன்றும் ஓர் ஆப்கானிய நகரத்தின் பெயர் வழங்குவது இதனாற்றான்.

1922இல், மியூறென் என்னும் மலைக்கிராமத்தில், லண் மற்றொரு பந்தயத்தை உருவாக்கினார். சரிவில் இணையிணையாகக் கொடிகளை நட்டு, அவற்றுக்கு ஊடாக வளைந்து வளைந்து யார் விரைவாக இறங்குகிறார் என்று பார்ப்பதே அது. அதற்கு ‘ஸ்லாலம்’ என்று பெயர். சொல் நோர்வே நாட்டுக் குடியானவருடையது. சரிவில் இட்ட தடம் என்பது அதன் பொருள். அந்தப் பொருளைப் படித்தபோது, கிறேட் வெஸ்டேர்ன் மலையின் மடியில் தேயிலைக்கு ஊடே வெள்ளைக் கோடுபோலத் தெரிந்த ஒற்றையடிப் பாதை எம் நினைவுக்கு வந்தது.

பந்தயத்தின் நுட்பத்தையும் சிறிது சொல்லவேண்டும். ஓட்டக்காரர் ஒருவரோடொருவர் தோளுரசி ஓடுவதில்லை. ஒருவர் பின் ஒருவராக விடப்படுவர். எதிரி மணிக்கூடு ஒன்றே. சிவப்பும் நீலமுமாக நட்ட கழிகள் வாயில்களாக நிற்கும். ஒரு வாயிலைத் தவறவிட்டாலும் பந்தயம் முடிந்தது. ஸ்லாலத்தில் வாயில்கள் நெருக்கமாக, அறுபது எழுபது வரை இருக்கும். ‘ஜயண்ட் ஸ்லாலம்’ எனப்படுவதில் அவை தள்ளித்தள்ளி நிற்கும், வேகம் அதிகம். இவ்விரண்டிலும் இரண்டு தடவை இறங்கி, இரண்டு நேரங்களையும் கூட்டுவார்கள். கீழ்நோக்கு ஓட்டத்திலோ வளைவு குறைவு, வேகமே முதன்மை; 2013இல் சுவிற்சர்லாந்தின் வெங்கன் ஓட்டத்தில் பிரெஞ்சு வீரர் யொஹான் கிளாரே மணிக்கு 161 கிலோமீற்றரைக் கடந்தார். வெற்றி தோல்வி நூறில் ஒரு பங்கு வினாடியில் தீர்மானமாகும். அத்தோடு, தரவரிசையில் முன்னிற்பவர் முதலில் இறங்குவர். பின்னிற்பவர் இறங்கும்போது, முன் போனவர்களின் பலகைகள் உழுது குழித்த தடத்திலேதான் அவர் இறங்கவேண்டும். உள்ளவருக்கே மேலும் கிடைக்கும் என்ற உலக வழக்கு பனியிலும் உண்டு போலும்.

இனி ஆரிப் கானின் மலைக்குப் போவோம். காஷ்மீரத்தின் குல்மார்க் ஏறக்குறைய 2,650 மீற்றர் உயரத்தில் உள்ள மலைப் புல்வெளி. பெயருக்குப் பூந்திடல் என்பது பொருள். வெயில் காலத்தில் பூக்களும், மாரிகாலத்தில் ஆழ்ந்த பனியும் நிறையும். நுவரெலியாவைப் போலவே அதுவும் ஆங்கிலேய உத்தியோகத்தர் வெப்பத்துக்கு அஞ்சி ஏறிய இடம். நுவரெலியாவில் அவர்கள் 1875இல் குதிரைப் பந்தயத் திடலையும், 1889இல் கோல்ப் திடலையும் அமைத்தார்கள். குல்மார்க்கிலோ கோல்புடன் பனிச்சறுக்கையும் தொடங்கினார்கள். 1927இல் பனிச்சறுக்குச் சங்கம் அங்கே ஏற்பட்டது. அந்நாளில் உள்ளூரார் மூட்டை சுமந்தார்கள், குதிரை நடத்தினார்கள், தேநீர் கொடுத்தார்கள். ஆங்கிலேயர் போனபின் சரிவும் பனியும் அங்கேயே இருந்தன. 1968இல் அரசாங்கம் பனிச்சறுக்கையும் மலையேற்றத்தையும் கற்பிக்கும் நிலையம் ஒன்றை அங்கு நிறுவியது. 1998இல் கம்பிவட வண்டி ஓடத் தொடங்கிற்று. 2005இல் அது அபர்வத் மலையின் ஏறக்குறைய 4,000 மீற்றர் உயரத்தை எட்டியது.

ஆரிப் 1990இல் பிறந்தார். குல்மார்க்குக்குக் கீழே தங்மார்க் பகுதி அவரது ஊர். தந்தை யாசீன் கான் குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாதனங்களை விற்றும் வாடகைக்குக் கொடுத்தும் கடை நடத்தியவர். நான்கு வயதில், அந்தக் கடையின் அருகே இருந்த சிறு சரிவில், பிள்ளையின் காலில் பலகையை மாட்டிவிட்டார். பன்னிரண்டாவது வயதில் தேசியப் போட்டியில் தங்கப் பதக்கம். பதினாறாவது வயதில் ஜப்பானில் முதலாவது சர்வதேசப் பந்தயம். 2011இல் உத்தரகண்டத்தில் நடைபெற்ற தெற்காசியக் குளிர்கால விளையாட்டு விழாவில் ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் ஆகிய இரண்டிலும் தங்கம். 2013 முதல் உலகச் சம்பியன் போட்டிகளிலும் பன்முறை இறங்கினார்.

இவ்வளவோடு கதை இனிதாக நடந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். இவ்விளையாட்டில் ஒருவர் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற, உலகெங்கும் நடைபெறும் பந்தயங்களுக்குப் போய்ப் புள்ளி சேர்க்கவேண்டும். பிரயாணம், பயிற்சியாளர், பலகைகள், மலையடிவாரத்து விடுதி வாடகை — இவையனைத்தும் ஐரோப்பிய விலையில் ஆகவேண்டியவை. 2018ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை ஆரிப் தவறவிட்டதற்குக் கால் காரணமல்ல, காசுதான் காரணம். பொதுமக்களிடம் நிதி திரட்டவும் முயன்றார். அடுத்த ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவேண்டிய காலத்தில், நிச்சயிக்கப்பட்டிருந்த தமது திருமணத்தையே ஒத்திவைத்தார். இறுதியில் 2021 நவம்பரில் அவர் ஸ்லாலத்துக்குத் தகுதி பெற்றது எங்கே தெரியுமா? துபாய் நகரில்! பாலைவனத்தின் நடுவே, கூரையின் கீழ், இயந்திரத்தால் உண்டாக்கிய பனியில். மலைநாட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் வீட்டு வேலைக்கென்று விமானமேறிப் போகும் அதே வளைகுடா நாட்டுக்கு, காஷ்மீரத்து வாலிபர் பனியைத் தேடிப் போகவேண்டியிருந்தது. அடுத்த மாதம் மொன்டினீக்ரோவில் ஜயண்ட் ஸ்லாலத்துக்கும் தகுதி பெற்றார். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு பந்தயங்களுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவரே. குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் பெயரால் முதன்முதல் இறங்கியவர், 1964இல், போலந்துப் பிறப்புடைய ஜெரமி புஜகோவ்ஸ்கி என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம்.

2022 பெப்ரவரி 13ஆம் நாள், பெய்ஜிங்கை அடுத்த யென்சிங் மலையில் கடும் பனிப்பொழிவு. அதுவரை இயந்திரப் பனியே விரித்திருந்த சரிவில் அன்று வானமும் கொட்டியது; எதிரே நிற்கும் வாயில் தெளிவாகத் தெரியவில்லை. சுவிற்சர்லாந்தின் மார்க்கோ ஒடர்மற் இரண்டு இறக்கங்களையும் 2 நிமிடம் 9.35 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார். ஆரிப் கானின் நேரம் 2 நிமிடம் 47.24 வினாடி. ஏறக்குறைய 38 வினாடி வேற்றுமை. நூறில் ஒரு பங்கு வினாடியை எண்ணும் பந்தயத்தில் அது ஒரு யுகம். ஆனால் அன்று புறப்பட்ட பலர் முடிவுக் கோட்டையே காணாது விழுந்தும் விலகியும் போனார்கள். ஆரிப் விழவில்லை, 45ஆவது இடத்தில் முடித்தார். மூன்று நாட்களின் பின் நடந்த ஸ்லாலத்தில் முதல் இறக்கத்தையே அவரால் முடிக்க இயலவில்லை.

இந்த 38 வினாடி எங்கே போயிற்று என்று யோசிக்கத்தக்கது. காலின் வலுவிலே மட்டும் அது போய்விடவில்லை. ஒஸ்திரியாவின் டோனி செய்லர் 1956ஆம் ஆண்டு கோர்ட்டினா ஒலிம்பிக்கில், அந்நாளிலிருந்த மூன்று பந்தயங்களிலும் தங்கம் வென்றார். அவர் பிரபுவின் மகனல்லர். கிற்ஸ்பியூல் என்னும் சிறு மலைநகரில், தகரம், குழாய் பொருத்தும் தொழில் கற்றவர். 1976இல் இன்ஸ்புறூக்கில் 1 நிமிடம் 45.73 வினாடியில் கீழ்நோக்கு ஓட்டத்தை வென்ற பிரான்ஸ் கிளம்மர் குடியானவர் வீட்டுப் பிள்ளை. பாடசாலைக்கே சறுக்கிக்கொண்டு போனவர். சுவீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் ஆர்ட்டிக் வட்டத்தை அண்டிய ஒரு சிறு கிராமத்திலிருந்து வந்து, உலகக் கிண்ணப் பந்தயங்களில் 86 வெற்றிகளை ஈட்டினார். 2023இல் அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிப்ரின் அதைக் கடக்கும்வரை அதுவே உச்சம். ஆங்கிலேயச் செல்வர் பொழுதுபோக்காகத் தொடங்கிய விளையாட்டை, ஒரு தலைமுறைக்குள் மலைக்குடிகளின் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். கிராமந்தோறும் ஒரு சங்கம், ஒரு கம்பிவடம், மணிக்கூட்டோடு நிற்கும் ஒரு பெரியவர் — இவை இருந்தன. அதற்கும் மேலாக, அந்தச் சரிவு அவர்களுடையதாக இருந்தது. புல்லும் மாடும் மரமும் பனியும் அவர்களுடைய சொத்து.

எங்கள் மலையின் சங்கதி இங்கேதான் பிரிகிறது. மலைநாட்டில் கொஞ்சமேனும் மட்டமான நிலம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். துரை பங்களாவின் புற்றரை மட்டமானது. தொழிற்சாலை மட்டமான இடத்தில் நிற்கிறது. ரதல்லையிலும் டிக்கோயாப் பக்கத்துத் தரவளையிலும் துரைமார் சங்கங்களுக்கென்று வெட்டிய விளையாட்டுத் திடல்கள் கண்ணைக் கவரும் மட்டம். கிரிக்கெற்றும் றக்பியும் அங்கு நடந்தன. நுவரெலியாவின் குதிரைத் திடலும் கோல்ப் திடலும் சொல்லவே வேண்டியதில்லை. தொழிலாளிக்குக் கிடைத்த மட்டமான இடம், விடியற்காலையில் பேர் கொடுத்து வேலைக்குப் பிரியும் பெரட்டுக்களம் ஒன்றுதான். மிச்சமெல்லாம் சரிவு. அந்தச் சரிவிலும் ஓர் அடி மண் அவனுடையதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாட்டையே அவனுடையதன்று என்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானவர்களைக் கடலுக்கு அப்பால் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தப் பிரச்சினை தீர்வுக்கு வந்தது. மண்சரிவு மட்டும் உரிமை பார்ப்பதில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டியபோது, சரிவின் மேலும் கீழும் தொங்கிக்கொண்டிருந்த குடியிருப்புகள் பட்ட துயரை நாடறியும்.

தோட்டத்துப் பாடசாலைகளை 1970களின் பிற்பகுதி தொடங்கி அரசாங்கம் பொறுப்பேற்றது. எமது நண்பரின் பாடசாலையையும் சென்று பார்த்தோம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த காலம். மைதானம் என்று அவர்கள் காட்டிய இடம் ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குத் தாழ்ந்து கிடந்தது. நூறு மீற்றரை நேராகக் கீறுவதற்கு இடமில்லாமையால், ஓட்டப்பாதை கடைசி இருபது மீற்றரில் திரும்பிப் பாதையோரம் போயிற்று. சுண்ணாம்புக் கோட்டை மழை கழுவிவிட, மாணவர் மறுபடியும் கீறிக்கொண்டிருந்தனர்.

“இந்தப் பிள்ளைகளில் ஓட்டக்காரர் உண்டா?” என்று கேட்டோம்.

“ஓட்டக்காரர் இல்லாம என்ன, ஐயா? காலையில ரெண்டு மைல் ஏறி வருதுங்க, பின்னேரம் ரெண்டு மைல் இறங்கிப் போகுதுங்க. பத்தாம் வகுப்புத் தாண்டினதும் கொழும்புல கடைக்குப் போயிருதுங்க; அதுதான் குறை.”

குறை அவ்வளவுதான் என்று நாம் எண்ணவில்லை. என்றாலும் அவர் சொன்னது மெய். தப்பிப் பிழைத்து மேலே வந்தவர்களும் உண்டு. 10,000 மீற்றர் ஓட்டத்தில் தேசிய மட்டத்தில் முதலிடம் பெற்ற குமார் சண்முகேஸ்வரன் மலையகத்துப் பிள்ளை. டெஸ்ற் கிரிக்கெற்றில் 800 விக்கெற்றுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரனின் பாட்டனாரும் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவரே. ஒருவர் இருவர் பெயரைச் சொல்லி மகிழ்வதில் தவறில்லை. ஆனால் ஸ்டென்மார்க்கின் ஊரில் பெயர்ப் பட்டியல் இவ்வளவு குறுகியதாக இல்லை. பெயர்பெற்ற சறுக்கு வீரர்கள் அந்தச் சிறு கிராமத்திலிருந்து மேலும் வந்தார்கள்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஆரிப் கானின் படமென்றால், அதை முடிக்கத் தூண்டியது அதே ஆண்டு சித்திரையில் நுவரெலியாவில் கண்ட ஒரு பந்தயம். வசந்த காலத்தில் அந்நகரில் குதிரை ஓட்டம், மலர்க் கண்காட்சி என்று பலதும் நடக்கும். அவற்றோடு மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயமும் ஒன்று, 1934இல் தொடங்கியது. தேயிலைக்கு ஊடாக வளைந்து செல்லும் தெருவில் மோட்டார்க் கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் ஒவ்வொன்றாக மேல்நோக்கி விடப்படும். தோளுரசி ஓடுதல் இல்லை. எதிரி மணிக்கூடு ஒன்றே. நூறில் ஒரு பங்கு வினாடிக்கு மதிப்பு. பனிச்சறுக்கைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாற்போன்ற விளையாட்டு. கார் வைத்திருப்பவர்களுக்குரியது என்பது சொல்லாமலே விளங்கும்.

ஒரு வளைவுக்கு மேலே, தேயிலை வரம்பில், அயல் தோட்டத்துச் சிறுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கார் உறுமிக்கொண்டு வளைவைத் திரும்பும்போதெல்லாம் கூவினார்கள். சில நேரம் சென்றபின் அவர்களுக்குக் கூவல் அலுத்துவிட்டது. அவர்களுள் மூத்தவன், பதின்மூன்று வயதிருக்கலாம், கைத்தொலைபேசியை எடுத்து, “டேய், நீ கீழ கான்ல இருந்து வா, நான் நேரம் புடிக்கிறேன்” என்றான். கானிலிருந்து மேலே தனித்து நின்ற சவுக்கு மரம்வரை, செங்குத்தான ஒற்றையடிப் பாதை. முதலாமவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினான். இரண்டாமவன் ஓடினான். மூன்றாவதாக, தம்பியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஒரு சிறுமி, குழந்தையை நண்பனிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். பதினெட்டு வினாடி என்று மூத்தவன் உரக்கச் சொன்னான், பையன்கள் ஒத்துக்கொள்ளவில்லை, மறுபடி ஓடச் சொன்னார்கள். அவள் இறங்கிப் போய்க் கானருகில் நின்றாள். கீழே தெருவில் அடுத்த கார் போயிற்று. அவர்களில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.